கடைக்காரர் பதில்கள்: நெட்டில் ஓடும் வீடியோவைக் கணினியில் வைத்துக்கொள்ள

கோவில்பட்டியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பதால், எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் மெதுவான லேப்டாப்பையும் மை காய்ந்த பிரிண்டரையும் பற்றியே இருக்கும். இந்த மாதம் அப்படி இல்லை. நெட்டில் ஓடும் வீடியோவைக் காசு செலவில்லாமல் கணினியில் எப்படிச் சேமிப்பது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தங்களுக்காக ஸ்டூடியோக்காரர் யூடியூபில் நேரலை போட்டார். என் மாமியார் மைக்கைப் பிடித்து ஆசீர்வாதம் செய்து பேசியது அதில்தான் இருக்கிறது. கையில் கொடுத்த கல்யாண வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். மாமியார் இப்போது இல்லை. லிங்க் இன்னும் வேலை செய்கிறது. எத்தனை நாள் இருக்கும்? எப்படிச் சேமிப்பது?
– ஒரு வாசகி, விருதுநகர்

அம்மா, இந்தப் பதிலைப் படித்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கல்யாணம் உங்கள் வீட்டுக் கல்யாணம்தான். ஆனால் வீடியோ இருப்பது ஸ்டூடியோக்காரரின் சேனலில். அவர் வைத்திருக்கிறவரை இருக்கும். சீசன் முடிந்ததும் பழைய நேரலைகளை அழித்துச் சேனலைச் சுத்தம் செய்கிற ஸ்டூடியோக்கள் உண்டு. வரவேற்பில் ஓடிய சினிமாப் பாட்டுக்கு இசை நிறுவனம் உரிமை கோரினால், யூடியூப் அந்த இடத்தில் ஒலியை அடைக்கலாம், வீடியோவையே மறைக்கவும் செய்யலாம். ஃபேஸ்புக்கில் நேரலை போட்டவர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். 2025 பிப்ரவரி 19 முதல் அங்கே போடப்படும் நேரலைப் பதிவு 30 நாள்தான் இருக்கும், பிறகு நீக்கப்பட்டுவிடும்.

முதலில் ஸ்டூடியோக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். நேரலைக்கு அவர்கள் பெரும்பாலும் ஓபிஎஸ் அல்லது விமிக்ஸ் மென்பொருளை ஓட்டுவார்கள். இரண்டிலுமே, நெட்டுக்கு அனுப்பும் அதே நேரத்தில் ஒரு பிரதியைத் தங்கள் ஹார்ட் டிஸ்கில் பதிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அந்தப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கு மேல் வேறொன்றும் வேண்டாம். மண்டபத்தில் நெட் திணறி யூடியூபில் படம் கட்டம் கட்டமாக உடைந்த இடமெல்லாம் அதில் தெளிவாக இருக்கும். டிஸ்க் இடத்துக்காக அழித்துவிட்டோம் என்று சொன்னால், அவர் யூடியூப் ஸ்டூடியோவில் தன் கணக்கோடு நுழைந்து, அந்த வீடியோவுக்கு எதிரே இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கி டவுன்லோட் செய்து தரலாம். சேனலின் சொந்தக்காரருக்கு யூடியூபே கொடுக்கும் வழி இது. அதிகபட்சம் 720பி தரத்தில் கிடைக்கும். உங்கள் டிவியில் பார்க்க அது போதும்.

அவருக்கு நேரமில்லை, “நீங்களே எடுத்துக்கொள்ளுங்கம்மா” என்று சொல்லிவிட்டால், அந்தச் சம்மதத்தை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வாங்கிக்கொண்டு நீங்களே இறக்கலாம். அதற்கு நான் சொல்வது பாராபாலிக் என்ற கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். நிரலாளர்கள் தங்கள் மென்பொருளை வைக்கும் கிட்ஹப் தளத்தில், அந்தத் திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். திறந்து லிங்க்கை ஒட்டினால் என்ன தரம் வேண்டும், எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று கேட்கும். எம்பி4 என்று தேர்ந்தெடுத்து விடுங்கள். முகூர்த்த நேரலை நாலைந்து மணி நேரம் ஓடியிருக்கும். இறங்கி முடியும் வரை லேப்டாப் தூங்கிப்போகாமல் சார்ஜரில் போட்டு வையுங்கள்.

இறங்கிய பிறகு முதல் வேலையாக மாமியார் பேசும் இடத்துக்குப் போய், ஒலியோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதியை மட்டும் தனியாக எடுக்க லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது படத்தை மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் அப்படியே இருக்கும். முழு வீடியோவையும் வெட்டிய துண்டையும் இரண்டு இடங்களில் வையுங்கள்: வீட்டுக் கணினியில் ஒன்று, மகளிடம் கொடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று. பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். தொலைந்த பென் டிரைவையும் உடைந்த பென் டிரைவையும் பற்றிக் கண் கலங்கிப் பேசுகிறவர்களைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

அப்புறம், நேரலையின்போது சொந்தக்காரர்கள் சாட்டில் எழுதிய வாழ்த்துகள் வீடியோ ஃபைலில் வராது. பக்கத்தில் இன்னும் தெரிந்தால் அவற்றையும் படம் பிடித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: லிங்க்கை ஒட்டினால் வீடியோவை எம்பி4 ஆக மாற்றித் தரும் என்று ஒரு தளத்தைப் பேரன் காட்டினான். பயன்படுத்தினேன். அன்றிலிருந்து திரையின் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்” என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. ஒரு போன் நம்பரும் கொடுக்கிறார்கள். அழைக்கலாமா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், சாத்தூர்

ஐயா, அழைக்கவே கூடாது. அந்த நம்பரில் பேசுகிறவர் உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து தன் கட்டுப்பாட்டில் எடுத்து, வங்கிக் கணக்கு வரை போய்விடுவார்.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். அந்தத் தளம் “நான் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அமுக்கவும்” என்பதுபோல ஏதோ கேட்டிருக்கும், நீங்களும் அமுக்கியிருப்பீர்கள். உண்மையில் அது உங்கள் பிரவுசருக்கு அறிவிப்பு அனுப்ப வாங்கிய அனுமதி. மூலையில் வருவது வைரஸ் எச்சரிக்கையே இல்லை, விளம்பரம். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியிலும் நீங்கள் போடாத எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதே நாளில் புதிதாக ஏதாவது மென்பொருள் பதிந்திருந்தால் கன்ட்ரோல் பேனலில் போய் அதையும் எடுத்துவிடுங்கள்.

இந்த மாற்றித் தரும் தளங்கள் பலவும் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன. பக்கத்தில் பெரிதாகப் பச்சையாக இருக்கும் டவுன்லோட் பொத்தான் பல நேரம் விளம்பரமாக இருக்கும், நிஜமான இணைப்பு எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் என்ன வீடியோ பார்க்கிறீர்கள் என்பதும் யாரோ ஒருவரின் சர்வருக்குப் போய்விடுகிறது. கணினியில் பதிந்து ஓட்டும் கட்டற்ற மென்பொருளில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருப்பதால், அதில் யாராவது கள்ளத்தனம் செய்தால் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. பேரனைத் திட்ட வேண்டாம், ஐயா. இந்தப் பக்கத்தை அவனிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஜவ்வாதுமலையில் அரசுப் பள்ளி. வகுப்பறையில் சிக்னல் கிடையாது. கீழே வந்தால்தான் நெட். லேப்டாப்பும் புரொஜெக்டரும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அறிவியல் வீடியோக்களைக் காட்ட வேண்டும். எப்படிச் சேமிப்பது? சட்டப்படி தப்பில்லையே?
– ஓர் ஆசிரியை

டீச்சர், உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் இந்த மாதம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், எவையெல்லாம் மீறல் ஆகாது என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் ஒரு படைப்பைப் பிரதி எடுப்பது அதில் ஒன்று. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜெராக்ஸ் கடை மேல் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விலக்குக்கு விரிவாகவே பொருள் கொண்டது. அது புத்தகப் பக்கங்களைப் பற்றிய வழக்கு. யூடியூபின் விதிமுறை தனி. தளமே டவுன்லோட் வசதி கொடுத்திருந்தாலோ உரிமையாளர் அனுமதித்தாலோ தவிர இறக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆகவே நான் சொல்லும் முறை, இறக்கிக்கொள்ளுங்கள் என்று கொடுப்பவர்களிடமே முதலில் போவது. உங்கள் பாடத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

கிரகணம், கோள்கள், ராக்கெட் பற்றியெல்லாம் நாசா எடுத்த படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாதவை. அவர்கள் தளத்திலேயே இறக்கலாம். விக்கிமீடியா காமன்ஸில் செல் பிரிவதும் பூ மலர்வதும் எரிமலை வெடிப்பதும் சின்னச் சின்ன வீடியோக்களாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் டவுன்லோட் இணைப்பு உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய கல்விப் படங்கள் கிடைக்கும். மேல்வகுப்புக்கு எடுக்கிறவர்கள், ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லைப் பார்க்கலாம். வீடியோவைவிட ஒரு படி மேலாக நான் சொல்வது, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்கள். மின்சுற்று, ஊசல், அடர்த்தி என்று பிள்ளைகளே கையால் நகர்த்திப் பார்க்கலாம். தமிழாக்கம் செய்யப்பட்டவையும் இருக்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமல் பிரவுசரிலேயே ஓடும்.

யூடியூபிலும் கதவு முழுக்க மூடியில்லை. தேடியபின் ஃபில்டர் பகுதியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே உரிமம் கொடுத்த வீடியோக்கள் மட்டும் வரும். மேலே விருதுநகர் அம்மாவுக்குச் சொன்ன பாராபாலிக்கில் அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். உரிமம் அப்படி இல்லாத ஒரு நல்ல தமிழ் அறிவியல் சேனல் கண்ணில் பட்டால், “மலைப் பள்ளியில் காட்ட வேண்டும், இறக்கிக்கொள்ளலாமா?” என்று கீழே கேட்டுவிடுங்கள். தமிழில் பாடம் எடுத்துப் போடுகிறவர்களில் பலர் தனி ஆட்கள். வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து எடிட் செய்கிறவர்கள். நீங்கள் கேட்பதே அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அனுமதி கிடைத்தால், வகுப்பில் ஓட்டுமுன் அவர்கள் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தரம். டேட்டா பேக்கில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி வைத்திருக்கிறவர் 1080பி-யைத் தொட வேண்டியதில்லை. கணக்கு சுலபம்: நொடிக்கு 1 மெகாபிட் அளவில் வரும் வீடியோ மணிக்கு 450 எம்பி பிடிக்கும், 4 மெகாபிட் என்றால் 1.8 ஜிபி. பள்ளி புரொஜெக்டரில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவரில் 480பி-க்கும் 1080பி-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். படத்தில் பொடி எழுத்து இருந்தால் மட்டும் 720பி எடுங்கள். ஓட்டுவதற்கு விஎல்சி போதும். அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் 1996-இல் மாணவர்கள் தங்கள் வளாக நெட்வொர்க்கில் வீடியோ பார்ப்பதற்காகத் தொடங்கிய திட்டம் அது. மலையில் உங்கள் வகுப்பில் அது ஓடப்போகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாடம், வகுப்பு என்று ஃபோல்டர் பிரித்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் தமிழிலேயே பெயர் வையுங்கள். அடுத்து மாற்றலாகி வரும் டீச்சருக்கும் உதவும்.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு வீடியோவை 1080பி-யில் இறக்கினேன். இரண்டு ஃபைல் வந்தது. ஒன்றில் படம் மட்டும், இன்னொன்றில் சத்தம் மட்டும். என் லேப்டாப்பில் கோளாறா?
– மாணவர், நாகர்கோவில்

லேப்டாப்பில் ஒன்றும் இல்லை, தம்பி. யூடியூபில் அந்தத் தரத்தில் படமும் ஒலியும் தனித்தனியாகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே பாட்டை 360பி-யில் ஒருவர் பார்ப்பார், 1080பி-யில் ஒருவர் பார்ப்பார். ஒலி இருவருக்கும் ஒன்றே. ஒவ்வொரு தரத்தோடும் ஒலியைச் சேர்த்துச் சேர்த்து வைத்தால் சர்வரில் இடம்தான் வீண். நீ பார்க்கும்போது பிரவுசர் இரண்டையும் வாங்கி ஒன்றாக ஓட்டுகிறது. நெட் மந்தமானால் ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு படத்தின் தரத்தை மட்டும் குறைத்துக்கொள்கிறது.

இரண்டையும் ஒரே ஃபைலாகக் கட்டுவதற்கு எஃப்எஃப்எம்பெக் வேண்டும். 2000-த்தில் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. உலகத்தில் வீடியோவைத் தொடும் மென்பொருள்களில் எண்ணற்றவை உள்ளுக்குள் இதைத்தான் வைத்திருக்கின்றன. அது உன் கணினியில் இல்லாததால்தான் உன் டவுன்லோடர் இரண்டாக விட்டுப்போயிருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கைப் பதிந்துவிட்டு மறுபடி இறக்கிப் பார், தானாகச் சேர்த்துவிடும். பாராபாலிக்கில் அது கூடவே வருகிறது.

கேள்வி: வீடியோ இறக்கும் ஒய்டி-டிஎல்பி மென்பொருளைக் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பயன்படுத்துகிறேன். போன மாதம் வரை நன்றாக ஓடியது, இப்போது பிழை காட்டுகிறது. வேறு மென்பொருளுக்கு மாறிவிடவா? சில லிங்க்குகள் பாதியிலேயே வெட்டுப்படுவதும் ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

மாற வேண்டாம், புதுப்பியுங்கள். தளங்கள் தங்கள் உள் அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அதற்கு ஏற்ப இந்த மென்பொருளை எழுதுகிறவர்களும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு மாதப் பழைய பிரதி ஓடாமல் போவது சாதாரணம். கட்டளையில் பெயருக்குப் பின் ஒரு இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதோடு ஒட்டிப் பெரிய எழுத்து யூ அடித்தால் அதுவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். லினக்ஸில் மென்பொருள் பதியும் அப்ட் கட்டளை வழியாகப் போட்டிருந்தால் அந்தப் பிரதி பெரும்பாலும் பழையதாக இருக்கும். அதை எடுத்துவிட்டுத் திட்டத்தின் பக்கத்திலிருந்தே நேராக எடுங்கள். இன்னொன்று: 2025 நவம்பரில் வந்த வெளியீட்டிலிருந்து யூடியூப் சரியாக வேலை செய்ய ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியும் கணினியில் இருக்க வேண்டும். டீனோ என்பதைப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் பிழைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

லிங்க் வெட்டுப்படுவதற்குக் காரணம் அதன் நடுவில் வரும் ‘அண்ட்’ (&) குறி. கறுப்புத் திரை அந்தக் குறியோடு ஒரு கட்டளை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். முழு லிங்க்கையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுங்கள்.

இந்த மென்பொருளின் கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இதற்கு முன்னோடி 2006-இல் தொடங்கிய யூடியூப்-டிஎல். 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் கொடுத்த புகாரால் கிட்ஹப் அதை நீக்கியது. பத்திரிகையாளர்களும் ஆவணக் காப்பாளர்களும் மனித உரிமை வேலை செய்கிறவர்களும் அதை நம்பியிருந்தார்கள். ஒரு சம்பவத்தின் வீடியோ அழிக்கப்படுமுன் பத்திரப்படுத்த அதுதான் அவர்கள் கையிலிருந்த கருவி. எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் வழக்கறிஞர்கள், இது எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, பிரவுசர் செய்வதைத்தான் செய்கிறது என்று விளக்கி எழுதினார்கள். நவம்பர் 16 அன்று கிட்ஹப் அதைத் திருப்பி வைத்தது. இப்படிப் புகாரில் சிக்கும் நிரலாளர்களின் சட்டச் செலவுக்காகப் 10 லட்சம் டாலர் நிதியும் ஒதுக்கியது. பிறகு அந்தத் திட்டத்தில் வேலை மந்தமானபோது, மூல நிரல் திறந்திருந்ததால் வேறு சிலர் அதை எடுத்து வளர்த்தார்கள். அதுதான் இன்று உங்களிடம் இருக்கும் ஒய்டி-டிஎல்பி. சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிழை வந்தால் கோபமாக எழுதாமல், பிழைச் செய்தியை முழுதாக நகலெடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி படங்களை இதே மென்பொருளில் இறக்கலாமா? காசு கட்டியிருக்கிறேனே?
– வாசகர், மதுரை

முடியாது, ஐயா, செய்யவும் வேண்டாம். அந்தப் படங்கள் வைட்வைன் போன்ற பூட்டுப் போட்டு, குறியாக்கம் செய்து வருகின்றன. நான் மேலே சொன்ன எதுவும் அதைத் திறக்காது. திறந்து தருகிறேன் என்று யாராவது மென்பொருள் விற்றால் விலகிப் போங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. செயலியிலேயே டவுன்லோட் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சந்தா இருக்கும் வரை, அவர்கள் வைக்கும் கெடு வரை பார்க்கலாம்.

கேள்வி: இறக்கிய வீடியோ என் பழைய கணினியில் திக்கித் திக்கி ஓடுகிறது. டிவியில் போட்டால் ‘ஆதரிக்கப்படாத ஃபைல்’ என்கிறது. இன்னொரு பெரிய ஃபைல் பென் டிரைவில் ஏறவே மாட்டேன் என்கிறது, இடம் நிறைய இருந்தும்.
– மளிகைக் கடைக்காரர், சங்கரன்கோவில்

அண்ணாச்சி, மூன்றும் வேறு வேறு. திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏவி1 என்ற புதிய சுருக்க முறை. 2018-இல் வந்தது, அளவில் சிறியது, ஆனால் விரிக்கப் பிராசசர் நிறைய உழைக்க வேண்டும். இன்டெலில் 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளில் அதற்கென்று தனி வசதியே கிடையாது. இறக்கும்போது ஹெச்.264 என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கணினியும் சிரமமில்லாமல் ஓட்டும், டிவியும் ஏற்கும். யூடியூபில் 1080பி வரை அது கிடைக்கும். டிவி ஏற்காத ஃபைலின் கடைசியில் வெப்எம் என்றோ எம்கேவி என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்.264 படம் எம்பி4 ஃபைலாக இருந்தால் நல்லது.

பென் டிரைவ் விஷயம்: அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது, டிரைவ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள். பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவில்லை என்றால் என்டிஎஃப்எஸ் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பேராசிரியரின் வகுப்புகளைக் கல்லூரித் தளத்திலேயே பதிந்து வைத்திருக்கிறார்கள். யூடியூப் இல்லை. சேமித்துக்கொள்ளச் சொல்லிப் பேராசிரியரே அனுமதித்துவிட்டார், ஆனால் டவுன்லோட் பொத்தான் இல்லை. என்ன செய்வது?
– முதுகலை மாணவி, திருச்சி

பூட்டுப் போடாத தளமாக இருந்தால் சுலபம்தான். இப்படிப்பட்ட தளங்களில் வீடியோ ஒரே ஃபைலாக இருக்காது. சில நொடித் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டுக்குப் பின் எது என்று ஒரு பட்டியல் ஃபைலையும் வைத்திருப்பார்கள். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் முறை இது. அந்தப் பட்டியலின் பெயர் எம்3யூ8 என்று முடியும். வீடியோ இருக்கும் பக்கத்தில் எஃப்12 விசையை அமுக்கி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, வடிகட்டும் பெட்டியில் எம்3யூ8 என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பிறகு வீடியோவை ஓட விட்டால் அந்த இணைப்பு பட்டியலில் வந்து நிற்கும். ஒன்றுக்கு மேல் வந்தால் முதலில் வருவதை எடுங்கள். எல்லாத் தரத்துக்குமான தாய்ப் பட்டியல் பெரும்பாலும் அதுதான்.

இணைப்பை நகலெடுத்து விஎல்சியில் மீடியா, கன்வெர்ட்/சேவ், நெட்வொர்க் என்று போய் ஒட்டினால் சேமித்துக் கொடுக்கும். சில தளங்களில் இந்த இணைப்புக்குக் கெடு உண்டு. அதனால் எடுத்தவுடன் பயன்படுத்த வேண்டும், மறுநாள் ஓடாது. லாகின் செய்தால்தான் வீடியோ தெரியும் என்றால் விஎல்சிக்கு அந்த அனுமதி போய்ச் சேராமல் மறுக்கப்படலாம். அப்படி ஆனால் ஓபிஎஸ் போட்டுத் திரையைப் பதிந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். பதியத் தொடங்குமுன் டெஸ்க்டாப் ஆடியோ என்ற பட்டை ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் வெப்பையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுநடுவே அதன் சத்தமும் வகுப்போடு பதிந்துவிடும்.